எங்கே புட் அப்?

கொச்சிக்கு வந்த புதிதில் பார்த்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "எவிடெயா தாமசம்?" நம் பக்கத்தில் தாமசம் என்றால் தாமதம். ஆகவே செங்கோட்டையில் ரயில் வெகுநேரம் நின்றுவிட்ட கதையை நான் ஒவ்வொருவரிடமும் பொறுப்பாக விளக்கினேன். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் கேட்டது வீடு எங்கே என்று. மலையாளத்தில் குடியிருப்பதும் தாமசம், காலம் தாழ்த்துவதும் தாமசம். என் கணவர் ராசுதான் இதைச் சொன்னார். அவர் மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த தமிழர். அவருடைய தாத்தா காலத்திலேயே நகரசபைத் துப்புரவு வேலைக்கு இங்கே கூட்டிவரப்பட்ட குடும்பம். ஒரே சொல்லில் வீட்டையும் தாமதத்தையும் வைத்த ஊரில் எனக்கு என்ன காத்திருக்கிறது என்று அப்போது புரியவில்லை. சிரித்துவிட்டுச் சோறு வடித்தேன்.

மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. கோவில்பட்டியில் டைப்பிங் ஹையர் முடித்தவள் நான். ஆங்கிலம் என் விரலுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. முதல் நாள் மானேஜர் கேட்டார், "வேர் ஆர் யூ புட் அப்?" புட் என்றால் வை. அப் என்றால் மேலே. எங்கே மேலே வைக்கப்பட்டிருக்கிறாய்? சாக்கடைத் தோட்டின் மேல்தான் என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யும் இல்லை. தோடு என்றால் இங்கே கால்வாய். கடல் ஏறும் நாட்களில் அந்தக் கறுப்புத் தண்ணீர் எங்கள் வாசற்படி வரை வரும். நான் விழிப்பதைப் பார்த்து மானேஜரே "வீடு, வீடு" என்றார். துப்புரவுத் தொழிலாளர் லைன் என்றேன். "ஓ" என்றார். மறுநாளிலிருந்து மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளரில் சாயா வந்தது, எனக்கு மட்டும் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் கப்பில். நம் ஊரில் நேராகச் சாதியைக் கேட்பார்கள். இங்கே ஆங்கிலத்தில் வீட்டைக் கேட்கிறார்கள். இரண்டில் எது தேவலை என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு இரண்டுமே குமட்டுகிறது.

அதன்பிறகு அந்த வினைச்சொல் என்னை விடவில்லை. கம்பெனியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை புட்தான். புட் த்ரூ என்றால் போனை இணைத்துக் கொடு. புட் டௌன் என்றால் குறித்துக்கொள். அதையே ஆள்மீது காட்டினால் மட்டம் தட்டு. நாயின்மீது காட்டினால் ஊசி போட்டுக் கொன்றுவிடு. புட் ஆன் என்றால் உடுத்து, பாசாங்கு செய், எடை கூடு. புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு, இன்னொரு பொருளில் அருவருப்பு உண்டாக்கு. இங்குள்ள பிராட்வே கடைத்தெரு நடைபாதையில் வாங்கிய பழைய கைடு ஒன்றில் புட் அப் வித் என்றால் சகித்துக்கொள் என்று போட்டிருந்தது. வை, மேலே, கூட. இந்த மூன்றையும் சேர்த்தால் சகிப்பு எப்படி வரும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நம்மிடமும் போடு இருக்கிறது. சோறு போடுகிறோம், சண்டை போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், மாடு கன்று போடுகிறது. ஆனால் போடுவதில் யாரோ ஒருவருடைய கை தெரியும். புட் அப்பில் யார் கையும் தெரியாது. அதனால்தான் அரசு அலுவலகங்களுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம்.

எங்கள் லைனுக்கு இருந்தது பொதுக் கக்கூஸ். பெண்கள் பக்கம் இரண்டு அறைகள். ஒரு மழைக்காலத்தில் இரண்டு கதவுகளும் உளுத்து விழுந்தன. சாக்குப்படுதா கட்டினோம். கடற்காற்றுக்கு அது நிற்காது. உள்ளே இருப்பவள் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, ஆள் வரும் சத்தம் கேட்டால் இருமவேண்டும். என் அடுத்த வீட்டுச் செல்வராணி அக்காவுக்குச் சிறுநீரகத்தில் கல். தண்ணீர் நிறையக் குடி என்று டாக்டர் சொல்லியிருந்தார். குடித்தால் போகவேண்டுமே என்று பயந்து மத்தியானத்துக்கு மேல் அவள் தண்ணீரைத் தொடுவதில்லை. வலி வந்தால் சுவரோடு சுருண்டு படுத்துக்கொள்வாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ராசுவின் வேலைதான் நினைவுக்கு வரும். இந்த ஊர் கழிப்பதை எல்லாம் அள்ளுகிறவர் அவர். அவருடைய பெண்டாட்டிக்கு ஒதுங்க ஒரு கதவு இல்லை. இதைவிட அருவருப்பான விஷயம் ஒன்றைச் சாக்கடைக்குள்கூட அவர் பார்த்திருக்கமாட்டார்.

கதவு கேட்டு நகரசபை அலுவலகத்துக்கு நடந்தோம். ஃபைல் புட் அப் செய்தாயிற்று என்றார்கள். அதாவது மேலதிகாரி மேசைக்குப் போயிருக்கிறது. அடுத்த முறை கேட்டபோதும் புட் அப் செய்தாயிற்று என்றார்கள். அந்த ஃபைல் ஏறிக்கொண்டே இருந்தது, எங்கேயும் இறங்கவில்லை. கடைசியில் ஒரு நாள் ஓர் அதிகாரியே நேரில் வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார். அங்கே நின்ற எங்கள் குழந்தைகள் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. என் மலையாளத்தைக் கேட்டால் எவருக்கும் சிரிப்பு வரும் என்பதால், ஆங்கிலத்தில் பேசு, மரியாதை கிடைக்கும் என்று லைனில் எல்லோரும் என்னை முன்னே தள்ளியிருந்தார்கள். நானும் கைடைப் பார்த்து ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"சார், வீ கெனாட் புட் அப் வித் திஸ்."

அவர் கைக்குட்டையை எடுக்காமலே கேட்டார். "யூ கெனாட் புட் அப் ஹியர்?"

"நோ சார், கெனாட்."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற ஓவர்சியரிடம் திரும்பி, "இவர்க்கு இவிடெ தாமசிக்கான் பற்றில்லான்னா பறயுன்னெ" என்றார். இவர்களால் இங்கே குடியிருக்க முடியாதாம். ஓவர்சியர், அப்படியானால் பள்ளுருத்திக்கு அப்பால் எங்காவது மாற்றிவிடலாமே என்றார். நான் இந்தச் சகிப்பு வேறு, அந்தக் குடியிருப்பு வேறு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வித், வித் என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. அவர்கள் ஜீப்பில் ஏறிவிட்டார்கள்.

"நீ என்னத்தடி பறஞ்ச அவருட்ட?" என்று ராசு கேட்டார். மூன்று தலைமுறையாக இருக்கிற வீட்டை என் பெண்டாட்டி ஒரு வாக்கியத்தில் காலி செய்துவிட்டாள் என்று அவர் முகம் சொன்னது. செல்வராணி அக்கா என்னோடு சில நாட்கள் பேசவில்லை. அந்த அதிகாரிக்கு என் ஆங்கிலம் புரியாமல் இல்லை என்பதே இன்றும் என் எண்ணம். சௌகரியமான பொருளை அவர் எடுத்துக்கொண்டார். சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் எந்தப் பொருள் செல்லும் என்பதை நாற்காலிதான் முடிவு செய்கிறது.

எங்களை மாற்றவும் இல்லை, கதவு வைக்கவும் இல்லை. மழை விட்டதும் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கும் காலம் தொடங்கியது. பழம்பொருள் கடைகளுக்கு அவர்கள் நடக்கும் ரோட்டிலிருந்து எங்கள் லைன் தெரியும். ஒரு காலையில் லாரியில் தகர ஷீட் வந்து இறங்கியது. இரும்புக் கால் நட்டு, ஷீட்டை நெட்டுக்குத்தலாக நிறுத்தி, ஆள் உயரத்துக்கு மேல் நீளமாக மறைப்புக் கட்டினார்கள். அதில் காயல், தென்னை, ஒரு வள்ளம், நடுவில் பெரிய மலையாள எழுத்தில் ஸ்வாகதம் என்று வரவேற்பாம். கம்பெனியில் மானேஜர் அதைப் பார்த்துவிட்டு வந்து மகிழ்ச்சியாகச் சொன்னார், நல்ல ஒரு ஸ்க்ரீன் புட் அப் செய்திருக்கிறார்கள் என்று. இப்போது இந்தப் பொருளும் தெரிந்துவிட்டது: எழுப்பு, நிறுத்து, மறை. அன்று சாயாவை நான் குடிக்கவில்லை. கப்போடு தோட்டில் வீசினேன். தோட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பிராட்வேக்குப் போய்க் கீல்களும் தாழ்ப்பாள்களும் வாங்கிவந்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஹர்த்தாலுக்குக் காத்திருந்தேன். கொச்சியில் அதற்கு வெகுநாள் காத்திருக்கவேண்டியதில்லை. அன்று பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கடை இல்லை, வெள்ளைக்காரன் இல்லை, அதிகாரி இல்லை. பட்டப்பகலில் மறைப்பின் முன்னால் போய் நின்றேன். தன் நகரசபை வேலை போய்விடும் என்று ராசு தடுத்தார். அவரிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "செல்வராணி அக்கா இன்னைக்காச்சும் தண்ணி குடிக்கட்டும்." அவர் வீட்டுக்குள் போய் ஸ்பானரோடு வந்தார். லைனில் இருந்த பெண்கள் எல்லோரும் வந்து ஷீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். நடுவிலிருந்து இரண்டு ஷீட்டுகளைக் கழற்றிக் கக்கூஸ் வாசலுக்கு எடுத்துப் போனோம். வெளியே இருந்து பார்த்தால் அடையாளம் தெரியக்கூடாது என்று படம் இருந்த பக்கத்தை உள்ளே திருப்பினோம். கீல் மாட்ட ஓட்டை சரியாக வரவேண்டும் என்பதற்காக மேல்பக்கத்தைக் கீழாக வைத்து முடுக்கினோம். முதலில் செல்வராணி அக்கா உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அவள் வந்து, நேராகத் தண்ணீர்ப் பானைக்குப் போய், செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு நின்றபடியே குடித்தாள்.

மறுநாள் ஓவர்சியர் வந்தார். மறைப்பில் இருந்த ஓட்டையையும் பார்த்தார், கதவுகளையும் பார்த்தார். திருட்டு என்று எழுதினால் திருட்டுப் பொருள் எங்கே இருக்கிறது என்றும் எழுதவேண்டும். கதவில்லாத ஒரு கக்கூஸ் அங்கே இருந்தது என்றும் வரும். அவர் ஒன்றும் எழுதவில்லை. ஓட்டைக்குப் படம் இல்லாத இரண்டு வெற்று ஷீட்டுகளை அடைத்துவிட்டுப் போனார்கள். ரோட்டில் போகிறவர்களுக்கு இப்போது தென்னை தெரியும், வள்ளம் தெரியும், நடுவில் எழுத்துமட்டும் கிடையாது. என் மகள் இங்கே மலையாளப் பள்ளியில் படிக்கிறாள். தமிழில் தன் பெயரைத்தான் எழுதத் தெரியும், நான் எழுதும் இதை அவளால் வாசிக்க முடியாது. அவள்தான் வாசித்துச் சொன்னாள், ஸ்வாகதத்தில் முன்பாதி ஓர் அறைக் கதவிலும் பின்பாதி அடுத்த அறைக் கதவிலும் இருக்கிறதாம். எந்தக் கதவில் எது என்று எனக்குத் தெரியாது. கொச்சியில் நான் குடியிருக்கிறேன். காலையில் காலியாக இருக்கிற அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, எனக்கு வாசிக்கத் தெரியாத, தலைகீழாக நிற்கிற அந்தப் பாதி வரவேற்புக்கு எதிரே குந்துகிறேன்.