லீவில் போயும் பட்டியலில் நின்றவர்கள்

அசெம்பிளி லைனில் நின்று நின்று கால் வீங்கிப்போன காலத்தில்தான் ஓசூரில் மாலை வகுப்புக்குப் போய் கம்ப்யூட்டரில் எக்செல் மேக்ரோ என்னும் குட்டிப் புரோகிராம்கள் எழுதப் பழகினேன். கற்றது கைமண் அளவுகூட இல்லை. மிதப்பு மட்டும் மலையளவு. கம்பெனியில் ஆள் வருகையையும் ஷிஃப்டையும் பார்க்கும் டைம் ஆபீஸின் அதிகாரி ஒரு வாய்ப்புக் கொடுத்தார். ஷிஃப்ட் பட்டியலிலிருந்து லீவில் இருப்பவர்களைத் தானாக நீக்க ஒரு புரோகிராம் எழுத வேண்டும். மிஞ்சும் பெயர்களை வைத்துத்தான் கம்பெனி பஸ் யாருக்காக நிற்பது என்று முடிவாகும். சரியாக வந்தால் எனக்கு டைம் ஆபீஸில் நாற்காலி. வராவிட்டால் பழைய லைன்தான்.

அதற்காகவே அந்த முறை ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகவில்லை. மூக்கண்டப்பள்ளியில் என்னோடு அறையில் இருந்து, என்னோடு ஷிஃப்ட் பஸ்ஸும் ஏறும் ஊர்த்தோழி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாகப் போனாள்.

நானாக இட்டுக்கட்டிய பெயர்களை வைத்து ஓட்டியபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. உண்மையான லீவுப் பட்டியலைக் கொடுத்ததும் காலை வாரிவிட்டது.

“ஏனம்மா, ஊருக்குப் போன ஆளுங்க இன்னும் லிஸ்ட்டுல நிக்கறாங்களே! அவங்களுக்கும் பஸ்ஸு நிக்கணுமா?” என்றார் அதிகாரி.

ஆத்திரமாக வந்தது. அவர்மேல் அல்ல, கம்ப்யூட்டர்மேல்.

பிறகு புரோகிராமை ஒவ்வொரு வரியாக ஓடவிட்டுப் பார்த்தேன். ஒருவரை நீக்கியதும் கீழே இருப்பவர் அந்த இடத்துக்கு ஏறிவிடுகிறார். புரோகிராமோ பட்டியலின் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. ஏறி வந்தவரை அது பார்ப்பதே இல்லை. அடுத்தடுத்து இருவர் லீவு என்றால் இரண்டாமவர் தப்பிவிடுவார். நான் இட்டுக்கட்டிய ஆட்கள் மூலைக்கு ஒருவராக லீவு போட்டிருந்தார்கள். எங்கள் கம்பெனியில் யார் அப்படிப் போனார்கள்? ஒரே ஊரிலிருந்து சேர்ந்து வருவார்கள், ஒரே நாளில் வேலைக்குச் சேர்வார்கள், டோக்கன் எண்ணும் பட்டியலில் பெயரும் அடுத்தடுத்து விழும். கொடைக்கும் ஒன்றாகவே பஸ் ஏறுவார்கள். நானும் அப்படி வந்தவள்தானே, இது எப்படித் தோன்றாமல் போனது? வெட்கமாக இருந்தது.

பட்டியலின் கடைசி வரியில் தொடங்கி மேலே ஏறும்படி மாற்றினேன். இனி ஏறி வருபவர் ஏற்கெனவே பார்த்து முடித்தவராகத்தான் இருப்பார். ஒருவர்கூடத் தப்பவில்லை.

“திங்கக்கெழமையில இருந்து இங்கியே வந்துடும்மா. ஜெனரல் ஷிஃப்ட், தெனமும் பகல் வேலைதான்” என்றார் அதிகாரி.

எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். தோழியின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னேன். பின்னால் மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. கத்திச் சொன்னேன். அவளும் சந்தோஷத்தில் கத்தினாள். அப்புறம்தான் கேட்டாள்.

“ஏட்டி, அப்போ இனிமே ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நான் மட்டுந்தான் நிக்கணுமா?”

நாற்காலியைப் பற்றி அத்தனை நாள் நினைத்த நான், இதை நினைக்கவே இல்லை.

“நீ சீக்கிரம் வாட்டி” என்று மட்டும் சொன்னேன்.