பாண்டி பஜாரில் ஒரு ஜன்னலோர மேசை

போன வாரம் என் மகள் அடையாறில் ஒரு பெரிய ஹோட்டலின் வைன் பாருக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். நான் எலுமிச்சை ஜூஸோடு நிறுத்திக்கொண்டேன். அவள் தன் கோப்பையை என் மூக்கருகே நீட்டி, “மோந்து மட்டும் பாரும்மா” என்றாள். மோந்தேன். எனக்கு அது புது வாசனை இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பே பிலோமினா வீட்டுப் பீங்கான் ஜாடியிலிருந்து கிளம்பும் திராட்சை வாசனை அது.

பிலோமினாவை உங்களுக்குத் தெரியாது. தி. நகரில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் அவள் சீனியர் டைப்பிஸ்ட். சாந்தோம்காரி. என்னைவிட ஆறு வயது மூத்தவள், ஆனால் ‘அக்கா’ என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். வெள்ளிக்கிழமைகளில் கறி தொட மாட்டாள் என்பதால் அன்று மட்டும் பாண்டி பஜாரில் ஒரு சைவ ஹோட்டலுக்கு என்னையும் கூட்டிப் போவாள்.

அந்த ஹோட்டலின் மாடிப்படி ஓரம் ஒரு பலகை இருந்தது: பெண்களுக்கு மாடியில் தனி இடம். கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. மேலே போனால் பிளைவுட் தடுப்புகள், சாம்பார்க் கறை படிந்த திரைகள், காற்று கிடையாது. கை கழுவ மாடிக்கு வருகிற ஆண்கள் திரை இடுக்கில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் ஒருத்தன் பார்த்ததோடு போகாமல் அங்கேயே நின்றான். பிலோமினா பாதி இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். “இனிமே கீழதான்” என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கீழே ஜன்னலோர மேசையில் போய் உட்கார்ந்தோம். சர்வர் கண்ணையா வந்து, லேடீஸெல்லாம் மேலேதான் என்று தணிவாகச் சொன்னார்.

“மேல ஃபேன் இல்ல. இங்க கீது” என்றாள் பிலோமினா.

அதன்பிறகு யாரும் எங்கள் பக்கம் வரவில்லை. தண்ணீர்கூட வரவில்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பசியோடு ஆபீசுக்குத் திரும்பினோம். அவ்வளவு நேரமும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் கைப்பையில் இல்லாத எதையோ தேடிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாவது வாரம் நான் உஷாராகிவிட்டேன். பன்னிரண்டு மணிக்கே ரெக்கார்டு ரூமில் ஒளிந்து நின்று தயிர் சாதத்தை முழுங்கிவிட்டுத்தான் கிளம்பினேன். போராட்டத்துக்கு வயிறு நிறையப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். மேசையில் எதிரே உட்கார்ந்தவள் என்னை உற்றுப் பார்த்தாள். “மாவடு வாசன வருதே. துன்னுட்டு வந்தியா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மூன்றாவது வாரம் அப்பாவின் சிநேகிதர் யாரோ எங்களைப் பார்த்துவிட்டார். நான் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேருமுன்பே செய்தி போய்விட்டது. “ஆம்பளைகளுக்கு நடுவுல உக்காந்துண்டு அப்படி என்ன பசி உனக்கு?” என்றாள் அம்மா. இன்னொரு தடவை நடந்தால் வேலைக்கே போக வேண்டாம் என்றார் அப்பா. சொன்னால் செய்கிறவர். என் பெரியப்பா மகளின் வேலை அப்படித்தான் நின்றது.

நான்காவது வெள்ளிக்கிழமை பிலோமினா லீவு, அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மாவடு இரண்டு வாரமாக நெஞ்சில் கரித்துக்கொண்டே இருந்தது. டிபன் பாக்ஸைத் திறக்காமல் கிளம்பினேன்.

கண்ணையா என்னையும் காலி நாற்காலியையும் பார்த்தார். “அந்தம்மா வர்லியா?”

“வரல. நான் மட்டும்தான். வெங்காய ரவா.”

அவர் கல்லாவைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். “ரவா லேட்டாகும்மா” என்றார் கண்ணையா.

“ஆகட்டும். உக்காந்திருக்கேன்.”

உள்ளே போனார். பிறகு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஹால் முழுக்க என்னையே பார்ப்பதாக நினைத்துக்கொண்டு தண்ணீரைக் குடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் எல்லாரும் அவரவர் சாம்பாரில் மும்முரமாக இருந்தார்கள். ரவா லேட்டாகத்தான் வந்தது, ஆனால் வந்தது.

சாயங்காலம் வேறு யாரும் சொல்வதற்குள் நானே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தனியாகப் போனதையும் சேர்த்து. அவர் பத்து நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் திங்கட்கிழமை நான் செருப்பு மாட்டியபோது தடுக்கவும் இல்லை.

பிலோமினா திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், மாவடு உள்பட. பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“சட்னி ரெண்டாவது தபா கேட்டியா?”

“இல்ல.”

“இந்த வாரம் கேளு.”

கேட்டேன். பிறகு வருஷக்கணக்கில் அந்த மேசை எங்களுடையது. ஒருநாள் பக்கத்து மேசையில் நாலு காலேஜ் பெண்கள் வந்து சத்தமாகச் சிரித்தபடி உட்கார்ந்தார்கள். கண்ணையா ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் வைத்தார். அவர்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று எனக்குக் கோபம். “அதுக்குத்தான உக்காந்தோம். நீ சாப்புடு” என்றாள் பிலோமினா.

அந்த இடத்தில் இப்போது ஐந்து மாடி ஜவுளிக் கடை நிற்கிறது. கண்ணையா சொந்த ஊருக்குப் போனார் என்றார்கள். பிலோமினா இறந்து மூன்று வருஷமாகிறது. மாடிப்படி ஓரத்துப் பலகை இதற்கெல்லாம் வெகு முன்பே காணாமல் போயிருந்தது. அதை எப்போது கழற்றினார்கள் என்று நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.