மாதாவின் முகத்தைச் சுரண்டிய வாரம்

சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது என் வேலை. எஸ்டேட் லைன் வீடுகள், ஏற்காட்டு லாட்ஜுகள், எல்லாம் அடித்தாயிற்று. கிளியூர்ப் பக்கம் எங்கள் சின்ன மாதா கோயிலில் திருவிழாவுக்கு முன்னால் மாதாவின் மரச் சொரூபத்துக்கும் நான்தான் அடிப்பேன். அது வேண்டுதல் மாதிரி.

இங்கே பனி அதிகம். பெயிண்ட் உப்பி உரியும். உரிந்ததன் மேலேயே அடுத்த பூச்சு பூசுவோம். மாதா மேல் பிளேடு வைக்கக் கூடாது என்பது வழக்கம். எனக்கு முன்னால் அடித்தவரும் அப்படித்தான் செய்தார். பூசிப் பூசி முகம் கொழுக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. மூக்கு இருக்கும் இடத்தை நானே தேடித் தடவி வரைவேன்.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். காய்ச்சலில் போய்விட்டாள். அந்த வருடம் நான் வரைந்த கண்ணும் வாயும் அவள் ஜாடையில் வந்துவிட்டன. வேண்டுமென்று செய்யவில்லை. கை அப்படிப் போனது. என் மனைவிதான் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு வருடா வருடம் அதே கோட்டின் மேல்தான் வரைந்தேன். பூசை முடிந்து எல்லாரும் போன பின், அவள் அந்த முகத்தைப் பார்த்தபடி நிற்பாள். மாதாவைக் கும்பிடுகிறாளா, பெயிண்டைக் கும்பிடுகிறாளா என்று நான் கேட்டதில்லை.

இந்த வருடம் புதிதாக வந்த பங்குச் சாமியார் சொரூபத்தின் கன்னத்தை அழுத்திப் பார்த்தார். பூச்சு விரலோடு உள்ளே அமுங்கியது.

"மரம் உள்ளே ஊறிப்போயிருக்கு. மொத்தமாச் சுரண்டிக் காய வச்சுட்டு அடிங்க. இல்லேன்னா முகமே உளுத்துப் போயிடும்."

கோயில் கூட்டும் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க பெயிண்டரே, மாதாவுக்குச் சவரம் பண்றீங்களாமா? மொதல்ல உங்க மூஞ்சியப் பண்ணுங்க. நொம்ப நாளாச்சு."

வீட்டில் மனைவி சிரிக்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"வேண்டாமுங்க. முடியாதுன்னு சொல்லிப்போடுங்க."

"மரம் உளுத்துரும்."

"உளுக்கட்டும். அதுவரைக்கும் புள்ள மூஞ்சி இருக்குமல்லங்க."

"அப்புறம் ஒண்ணுமே இருக்காது."

"இப்ப மட்டும் நம்ம ஊட்டுல என்னங்க இருக்குது?"

நான் சாப்பிட்டுக் கை கழுவினேன்.

மறுநாள் சுரண்டினேன். நீலம் உதிர்ந்தது, ரோஸ் உதிர்ந்தது. கன்னத்துக்கு வந்தபோது கை நின்றது. நின்றுகொண்டே இருந்தால் மரம் காயாது. சுரண்டினேன். மகளின் வாய் தரையில் தூளாகக் கிடந்தது. கூட்டி அள்ளினேன்.

உள்ளே இருந்தது வேறு முகம். சின்ன வாய். இமைகள் பாதி மூடிக் கீழே பார்க்கின்றன. செதுக்கியவர் அப்படித்தான் செதுக்கியிருக்கிறார். அதன் மேல் நாங்கள்தான் அகலக் கண் வரைந்திருக்கிறோம். கும்பிட வருகிறவனுக்குத் தன்னை நேராகப் பார்க்கிற முகம் வேண்டும். எனக்கும்தான் வேண்டியிருந்தது. காய்ந்த பிறகு, மரத்தில் இருந்தபடியே மெல்லிசாக அடித்தேன்.

திருவிழாவில் ஆளாளுக்குப் பேசினார்கள். "மாதா தூங்குதுங்களா?" என்றார்கள். என் மனைவி வரவே இல்லை.

அடுத்த வாரம் ஏணியை எடுக்கக் கோயிலுக்குப் போனேன். அவளும் பின்னால் வந்தாள். சொரூபத்தின் முன்னால் வெகு நேரம் நின்றாள்.

"இது நம்ம புள்ள இல்லீங்க."

"இல்ல."

"யாரோ."

வெளியே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பீடத்தின் கீழே, வெறும் தரையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பக்கத்தில் தரையைக் கையால் தட்டினாள்.

"இங்க உக்காந்தா நம்மளப் பாக்குதுங்க."

ஏணியைச் சாத்திவிட்டு நானும் உட்கார்ந்தேன். எழுந்திருக்கத்தான் இரண்டு பேருக்கும் சிரமமாக இருந்தது.