நான் வாசிக்காமல் விட்ட வரிகள்

உள்ளுக்குள் அழுகிப்போன வண்டி என்று தெரிந்தே அதை விற்றேன். எழுந்து உட்கார முடியாத ஒரு பெண்ணைப் படுக்க வைத்து அழைத்துப் போவதற்காக அது வாங்கப்பட்டது என்பதும் எனக்குத் தெரியும். வேறு எப்படிச் சொன்னாலும் அது உங்கள் முன்னாலும் நான் பூசும் பெயிண்டாகத்தான் இருக்கும்.

1988 நவம்பர் 17, வியாழக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். குளித்துவிட்டு, வழக்கம்போல நாட்குறிப்பில் வானிலையை எழுதினேன்: 'இரவில் மழை இல்லை. மேற்கே மலைமேல் மேகம்.' ஏழு இருபதுக்குச் சைக்கிளை எடுத்தேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் தரப் பரிசோதனை மேற்பார்வையாளன் நான். அன்று பதினோரு நூல் கோன்களைத் திருப்பி அனுப்பினேன். நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தது. மாலை ஐந்தே முக்காலுக்கு வீடு திரும்பினேன். ஆறேகாலுக்கு யாரோ கதவைத் தட்டினார்கள்.

கான்சாபுரம் முத்தையா. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னிடம் வண்டி வாங்கியவர். செருப்புகளைக் கழற்றி, ஒன்றோடொன்று சேர்த்து ஓரமாக வைத்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மன்னிச்சுக்கிடுங்க சார். உங்க வண்டியை நான் கெடுத்துப்புட்டேன்."

அவர் கெடுத்தாராம்!

இந்த வார்த்தையின் கனம் உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் நான் ஒன்றரை வருடம் பின்னால் போக வேண்டும்.

தளவாய்புரத்து ஜவுளி வியாபாரி ஒருவர், சந்தைக்குப் போகும் ஊர்களில் தங்குவதற்காகக் கட்டிய வேன் அது. சுவரோடு சேர்த்துத் திருகிய பலகைக் கட்டில், ஓர் அலமாரி, ஸ்டவ் வைக்க ஒரு தட்டு, ஜன்னலுக்குத் திரை. எனக்கும் என் மனைவி சரோஜாவுக்கும் பிள்ளைகள் இல்லை. லாட்ஜ் தேடி அலையாமல் ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று போய்வரலாம் என்று ஆசை. 1987 மார்ச்சில், தரகர் இல்லாமல் நேரே பேசி வாங்கினேன்.

வாங்குமுன் மூன்று மணி நேரம் பார்த்தேன். டார்ச் விளக்கு, துருவைச் சோதிக்க ஒரு காந்தம், வீட்டிலேயே எழுதி எடுத்துப்போன இருபத்திரண்டு கேள்விகள்... மறுநாள் அந்தத் தாளை மில்லில் எல்லோரிடமும் காட்டினேன். பழைய வண்டி வாங்குவது எப்படி என்று பாடமே நடத்தினேன்!

அக்டோபரில் மழை பிடித்தது.

"வண்டிக்குள்ள நனைஞ்ச சாக்கு வாடை அடிக்குங்க," என்றாள் சரோஜா.

கட்டிலின் தலைமாட்டில் இருந்த பலகையைக் கழற்றினேன். விரல் உள்ளே போயிற்று. காப்பியில் நனைத்த ரொட்டியைப் போல மரம் கையோடு வந்தது. பின்னாலிருந்த தகட்டில் துரு தின்ற துளைகள் வழியாகத் தெரு தெரிந்தது. மூன்று மணி நேரம் பார்த்தேனே... பலகைக்குப் பின்னால் பார்க்க வேண்டும் என்று என் இருபத்திரண்டு கேள்விகளில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

வண்டித் தகடுகளைச் சரிசெய்யும் டிங்கர் காதர் பாயை அழைத்து வந்தேன். கூரைத் தகடும் பக்கத் தகடும் சேருகிற மடிப்பில் விரலை வைத்தார்.

"இங்கதான் சார் தண்ணி இறங்குது. நேத்து இன்னிக்கு வந்ததில்ல, மூணு நாலு மழைக்காலம் பாத்திருக்கு. மொத்தத்தையும் பிரிச்சு மாத்தணும். ஒரு மாசம் வண்டி தெருவுல பிரிஞ்சு கிடக்கும், பரவாயில்லையா?"

தெருவில் ஒரு மாதம்! மில்லுக்குப் போகிறவர்கள் எல்லோரும் கடக்கும் தெரு அது. எங்கள் ஆபீசில் ஒருவர் பழைய மொபெட் வாங்கி ஏமாந்தார்; அன்றிலிருந்து அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'தள்ளுவண்டி' என்பதுதான் அவர் பெயர். என்னை எப்படிக் கூப்பிடுவார்கள்? 'நூலுல ஒரு மயிரு இருந்தா கண்டுபிடிச்சுருவாரு. வேனுக்குள்ள கண்மாயே கிடந்திருக்கு, தெரியலையாம்!' யாரும் சொல்லுமுன்பே என் காதில் அது கேட்டுவிட்டது.

காதர் பாயிடம் பிறகு சொல்கிறேன் என்றேன். அவர் புறப்படும்போது சொன்னார்: "வேற யாருக்காச்சும் குடுக்கதா இருந்தா, சொல்லிட்டுக் குடுங்க சார்."

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். அழுகிய பலகையின் மேலேயே புதிய பலகையை வைத்துத் திருகினேன். அதன்மேல் சன்மைக்கா ஒட்டினேன். கூரை மடிப்பில் இடுக்கை மூடும் பட்டி வைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தேன். மில்லில் கற்ற அத்தனை நுணுக்கமும் அந்த வேலையில் இருந்தது. என்னையே அனுப்பிப் பரிசோதிக்கச் சொன்னாலும் குறையில்லை என்று எழுதி அனுப்பியிருப்பேன்.

ஆனாலும் நாட்குறிப்பில் மறைக்கவில்லை. அக்டோபர் 25, ஞாயிறு: பலகையின் நிலை, துருவின் அளவு, காதர் பாய் சொன்னது, எல்லாம் ஆறு வரிகளில் இருக்கிறது. நாட்குறிப்பில் நான் பொய் எழுதுவதில்லை. அந்தப் பெருமை வேறு!

அடுத்த பிப்ரவரியில் வண்டியை விலைக்குக் கேட்டு முத்தையா வந்தார். அவர் மனைவி தங்கத்தாய் மூன்று வருடத்துக்கு முன் கிணற்றுப் படியில் விழுந்து இடுப்பு முறிந்தவர். மாதம் ஒருமுறை மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்சியின் பின் சீட்டில் மடக்கிப் படுக்க வைத்தால் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வருவாராம். இவர் வண்டிக்குள் ஏறி, அந்தக் கட்டிலில் தானே கால் நீட்டிப் படுத்துப் பார்த்தார். கூரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அவளுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு சார். எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க நாள் தவறாம டைரி எழுதுவீங்களாமே, உங்க மில்லுல இருக்கிற என் மச்சினன் சொன்னான். வண்டியைப் பத்தி எழுதினதை மட்டும் வாசிங்க. எனக்கு அம்புட்டுப் போதும்."

வாசித்தேன். மே மாதம் ஆயில் மாற்றியது. ஆகஸ்டில் கன்னியாகுமரி போய்வந்தது. செப்டம்பரில் பிரேக் சரிசெய்தது. பக்கத்தைப் புரட்டினேன். அக்டோபர் 25. கண் அந்த ஆறு வரிகளின் மேல் நின்றது. நாக்கு நிற்கவில்லை.

"நவம்பர் 8. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன்," என்று வாசித்தேன்.

குரல்கூட மாறவில்லை! நான் வாசித்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களில் யாராவது அதை ஏற்றுக்கொள்வீர்களா? நானே ஒரு வாரத்துக்குமேல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அப்புறம் வெயில் காலம். வண்டி மாதாமாதம் மதுரைக்குப் போய்வந்தது. தங்கத்தாய்க்கு வலி குறைந்திருப்பதாக முத்தையா ஒருமுறை கடைத்தெருவில் சொன்னார். நான் சந்தோஷப்பட்டேன். நம்புங்கள், உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். மழைக்காலம் வரும் என்பதை மறந்தவனைப் போல...

நவம்பர் 17 மாலை, என் வீட்டு நடுவில் நின்றபடியே முத்தையா சொன்னார்:

"உள்ள புழுக்கமா இருக்குன்னு, கூரையில ரெண்டு ஓட்டை போட்டு அவளுக்குச் சின்னதா ஒரு ஃபேன் மாட்டியிருந்தேன் சார். திங்கக்கிழமை தளவாய்புரத்துல அவ தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். இந்த மூணு வருசத்துல ஆஸ்பத்திரியை விட்டா அவ வெளிய கிளம்பினதே அதான் மொதத் தடவை. பட்டுச்சேலை கட்டி, பூ வச்சு... வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தா. ராசபாளையம் தாண்டவும் மழை பிடிச்சுருச்சு. படார்னு ஒரு சத்தம். கட்டிலு சுவரோட பேந்து வந்துருச்சு சார். அவ கீழ கிடக்கா. அவ மேல பலகையும் தண்ணியும்..."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இடுப்பு திரும்பவும் விட்டுப்போச்சாம். இனிமே எந்த வண்டியிலயும் ஏற மாட்டேன்னுட்டா. எல்லாம் நான் போட்ட ஓட்டையால வந்தது. அது வழியா தண்ணி இறங்கி மரத்தை ஊற வச்சுருச்சு. பாத்துப் பாத்து வச்சிருந்த உங்க வண்டியை..."

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வாயைத் திறந்ததும் அதைச் சொல்லத்தான். வந்தது இது:

"ஓட்டை போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, முத்தையா."

"கேட்டிருக்கணும் சார்," என்றார். தலை குனிந்திருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர், பனி மலையில் காவல் நின்றவர், அதிகாரியின் முன் தவறு செய்த சிப்பாயைப் போல என் முன்னால் நின்றார். விற்றதைக்கூட ஒரு கோழையின் செயல் என்று சொல்லிவிடலாம். இந்த வாக்கியத்தை என்னவென்று சொல்வது?

காப்பி கொண்டுவந்த சரோஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். என்னை அவள் பார்க்கவில்லை. முத்தையாவின் சட்டைக் கையில் இருந்த துருக்கறையைப் பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"செத்த வந்து பாத்துச் சொல்லுங்க சார்," என்றார் அவர் கடைசியாக. "அந்த ஓட்டையை எப்படி அடைக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியும். அவ ஏறாட்டியும், மழையில வண்டி இன்னும் கெட்டுப்போகக் கூடாதுல்ல."

காலையில் வருகிறேன் என்றேன்.

பத்து வருடம் ஆகிவிட்டது. தங்கத்தாய் அதற்குப் பின் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை. டாக்டர்தான் மாதம் ஒருமுறை வத்திராயிருப்பிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்துப் போகிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டால் முத்தையா இன்றும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கும்பிடுகிறார். நானும் கும்பிடுகிறேன்... கை கூசாமல்! காதர் பாயின் பட்டறை இருக்கும் தெருவில் மட்டும் நான் போவதில்லை. சரோஜா இந்தப் பத்து வருடத்தில் அந்த வண்டியைப் பற்றி என்னிடம் பேசியது ஒரே ஒருமுறை. முத்தையா வந்துபோன மறுநாள் காலை, நான் வாசலில் இறங்கும்போது.

"சொல்லிட்டு வாங்க," என்றாள்.

சொல்லத்தான் போனேன். ஐந்தே முக்கால் பஸ். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி பஸ் மாறினேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதில் எழுதி, திருத்தி, சுருக்கி வைத்திருந்தேன். 'வாங்கும்போதே அது அழுகியிருந்தது, எனக்குத் தெரியும்.' ஐந்தே சொற்கள். கான்சாபுரத்தில் இறங்கும்போது மணி ஏழே முக்கால்.

வேன் வீட்டுக்கு எதிரே நின்றது. வாசலை ஒட்டி உள்ளே கட்டில் போட்டிருந்தது. தங்கத்தாயை அன்றுதான் முதலில் பார்த்தேன். என்னைக் கண்டதும் தலையை மட்டும் தூக்க முயன்றார்.

"வாங்க அண்ணாச்சி. அவியளை ஏசிராதீய. புழுக்கம் புழுக்கம்னு நச்சரிச்சு ஓட்டை போட வச்சது நாந்தான். தப்பு எம்மேலதான்."

"பாத்தீங்களா சார்," என்றார் முத்தையா, ஒரு கையில் ஏணியும் மறு கையில் பட்டி டப்பாவுமாக. "கிடந்த கிடையிலயும் எனக்கு வக்கீலு!"

அந்த அம்மாள் சிரித்தார். சிரிப்பு இடுப்பில் போய் வலித்திருக்க வேண்டும். பாதியில் முகம் சுருங்கியது.

ஐந்து சொற்களும் என் வாயில்தான் இருந்தன.

"டப்பாவை இப்படிக் குடுங்க," என்றேன்.

ஏணியில் ஏறினேன். முதலில் அந்த ஓட்டைகளைப் பார்த்தேன். பட்டாளத்துக்காரரின் கை! இரண்டு ஓட்டைகளிலும் ரப்பர் வாஷர் வைத்து, போல்ட்டை இறுக்கி, சுற்றிலும் தார் பூசியிருந்தார். ஓரத்தில் பெயிண்ட்கூட உப்பவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் அதன் வழியாக இறங்கியிருக்காது. ஒரு முழம் தள்ளி, மடிப்பில் நான் வைத்த பட்டி நீளமாக வெடித்துக் கிடந்தது.

நான் அந்த இரண்டு ஓட்டைகளையும் அடைத்தேன். கத்தியால் வழித்து, விளிம்பைச் சமன்படுத்தி, விரலால் தேய்த்து, மிகவும் ஒழுங்காக அடைத்தேன்.

உள்ளேயிருந்து குரல் கேட்டது: "அடைஞ்சிருச்சா அண்ணாச்சி?"

"அடைஞ்சிருச்சும்மா," என்றேன்.