செவ்ரான் ஜொஸ்லின் வீட்டுப் பூசைக் கடிதம்

எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் வைத்திலிங்கம் காரைக்காலில் கப்பலேறி, அமெரிக்காப் பக்கத்து பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்குக் கரும்பு வெட்டப் போனார். போகிற வழியிலேயே வாந்திபேதியில் செத்தார். இந்தப் பெயரை வம்சம் தேடுகிறவர்களின் இணையக் குழு ஒன்றில் போட்டுவைத்தேன். ஜொஸ்லின் என்ற அறுபத்தெட்டு வயது அம்மாள் பிரெஞ்சில் பதில் போட்டார், கணினி மொழிபெயர்த்துக் கொடுத்தது: "அவர் கப்பலில் சாகவில்லை. நான் அவருடைய கொள்ளுப்பேத்தி. பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ரானில் இருக்கிறேன்." விடுவேனா? 2014 ஆகஸ்ட் கடைசியில் கிளம்பிவிட்டேன்.

பாரிஸ் விமான நிலையத்திலிருந்து 'கார் து நோர்' என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் புறநகர் ரயிலில் 9.75 யூரோ, முப்பத்தைந்து நிமிடம். டாக்சிக்காரர் ஐம்பத்தைந்து கேட்டார், கும்பிடு போட்டு அனுப்பிவிட்டேன். அங்கிருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பத்து நிமிட நடை. முந்தின நாள்தான் அங்கே ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலில் தேர். நடைபாதையில் தேங்காய்ச் சில் காலில் குத்தியது.

காலை பதினொரு மணிக்குப் பக்கத்து ரூ காய் தெருவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் சந்திப்பு. ஜொஸ்லின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். நான் கட்டை மாதிரி நின்றேன். அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. எனக்கு பிரெஞ்சு தெரியாது. காரைக்கால்காரனுக்கா என்று சிரிக்காதீர்கள், தெரியாது. பரிமாறிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் சிவா மொழிபெயர்க்க வந்தார்.

ஜொஸ்லின் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட கடிதம் ஒன்றை எடுத்தார். பழுப்பேறி, குங்குமக் கறையோடு இருந்தது.

"பிள்ளையார் மந்திரமாம் அண்ணை," என்றார் சிவா. "அந்தப் பெரியவர்தான் பிள்ளையளுக்கு அப்பிடிச் சொல்லிப் பூசையில வைச்சவராம். நல்ல நாள் பெருநாளுக்குக் கற்பூரம் காட்டுறவையாம். ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது. சொந்தக்காரர் வாயாலதான் கேக்கவேணுமெண்டு இஞ்சை வேறை ஆரிட்டையும் காட்டேல்லையாம்."

மேலே பிள்ளையார் சுழி இருந்தது உண்மைதான். அதற்குக் கீழே இருந்தது, வீட்டு நிலப் பத்திரங்களில் நான் பார்த்துப் பழகிய என் கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து. "நீர் திரும்பிவர வேண்டாம். உமக்குக் கருமாதி செய்து முடித்தாயிற்று. உமது பங்கு நிலத்தை நாங்களே பயிரிடுகிறோம். நீர் வந்தால் நாங்கள் ஊரில் தலைகாட்ட முடியாது. அங்கேயே இரும்." ஐயோ, படுபாவி! உயிரோடிருந்த அண்ணனுக்குக் கருமாதி!

"தம்பி, மந்திரம்தான்னு சொல்லிடுங்க," என்றேன்.

சிவா என் தோளுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் வாசித்திருந்தார். "அவவின்ர காயிதம் அண்ணை. பொய் சொல்ல என்னால ஏலாது."

வரி வரியாகச் சொன்னார். அந்தப் பெரியவர் மானத்தை விழுங்கிக்கொண்டு, ஊரிலிருந்த எங்களைப் பற்றித் தன் பிள்ளைகள் கெட்டதாக நினைக்கக்கூடாது என்று மறைத்தது, என் தோசை ஆறுவதற்குள் உடைந்தது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஜொஸ்லின் அழவில்லை. கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு ஏதோ சொன்னார்.

"உங்கட வீட்டுக் காயிதமாம். நீங்களே கொண்டு போங்கோவாம்."

ஜொஸ்லின் எழுந்து போய்விட்டார். இந்த முறை முத்தம் இல்லை.

ஊரில் பெரியப்பாவிடம் காட்டினேன். "எவனோ எழுதினது, கிழிச்சுப் போடு" என்றார். அந்த நிலம் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது. அதில் விளைந்த நெல்லில்தான் நான் படித்தேன்.

இப்படித் தேடிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். தேர் முடிந்த மறுநாள் போனால் கடைகளில் கூட்டம் குறைவு, நிதானமாகப் பேசலாம். மொழிபெயர்க்க ஆளை முன்கூட்டியே பிடித்துவையுங்கள். பழைய காகிதம் இருப்பதாகச் சொன்னால், முதலில் படம் எடுத்து அனுப்பச் சொல்லித் தனியாக உட்கார்ந்து படியுங்கள். நம் ஆட்கள் யோக்கியர்கள் என்ற நினைப்போடு மட்டும் போகாதீர்கள்.

ஜொஸ்லினுக்கு மூன்று முறை மின்னஞ்சல் போட்டேன். பதில் இல்லை. ஏன் வரும்? வராதே என்று எழுதினது நாங்கள்தானே.