நல்ல நேரத்துக்குக் காத்திருந்த கிரில் அடுப்பு

கடை திறந்த அன்று நான் சுட்ட முதல் கோழியை மண்டிக்காரர் ஒரு வாய் கடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"மாஸ்டரு, போன மாசம் எங்க வூட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சாங்க. அதே வாசன வருதுங்க."

இருபத்திரண்டு வருடம் ஓசூரிலும் பெங்களூரிலும் அடுத்தவர் கடையில் கிரில் மாஸ்டராக நின்றவன் நான். சொந்தக் கடையில் முதல் கோழிக்குக் கிடைத்த பேர் இது. கொடுமை!

1. கடத்தூரில் வாங்கியது

பாலக்கோட்டில் கடை பிடித்ததும் பழைய கரி கிரில் தேடினேன். போனில் 'புதுசு மாதிரி' என்று போட்டோ போடுவார்கள். நேரில் போனால் கம்பி இருக்கும், கால் இருக்காது. அலைந்து அலைந்து வெறுத்துப்போன நேரத்தில், கடத்தூரில் ஓட்டலை மூடிய ஒருவரிடம் நல்லதாக ஒன்று கிடைத்தது. கனமான தகடு. தட்டிப் பார்த்தேன், அடியில் படுத்தும் பார்த்தேன். ஓட்டை இல்லை. ஆனால் அந்த நல்ல மனுஷன் உள்ளும் புறமும் சில்வர் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்.

"பாக்க லட்சணமா இருக்கட்டும்னு அடிச்சுட்டனுங்க. இங்கயே கரி போட்டு நல்லா எரிய வுட்டுட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். கரி மூட்டையைக்கூட இழுத்து வந்தார்.

"வேணாங்க. மொத நெருப்பு ஞாயித்துக்கெழம நல்ல நேரத்துல, என் கடையிலதான்" என்றேன்.

புது அடுப்பை நல்ல நேரம் பார்த்துத்தான் பற்ற வைப்போம். இது ஆயிரக்கணக்கான கோழியைப் பார்த்த பழைய அடுப்பு என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

2. ஞாயிற்றுக்கிழமை

மண்டிக்காரர் தக்காளி வியாபாரி. "கோழி நல்லாருந்தா எம்பொண்ணு ரிசப்ஷனுக்கு நீங்கதான்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு ஆர்டர் போதும், ஊர் முழுக்க என் கைப்பக்குவம் தெரிந்துவிடும். அதனால்தான் முதல் கோழி அவருக்கு.

கற்பூரம் காட்டிக் கரியைப் பற்ற வைத்தேன். கோழியை ஏற்றிய கொஞ்ச நேரத்தில் தகட்டில் பெயிண்ட் கொப்பளித்தது. என் மனைவி ஈஸ்வரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க, நாத்தம் கொடலப் பொரட்டுது. கோழிய எறக்குங்க."

"நல்ல நேரம் முடியப் போவுது. சும்மா இரு."

எலுமிச்சம்பழத்தைக் கூடுதலாகப் பிழிந்தால் அடங்கிவிடும் என்று நினைத்தேன். மாஸ்டராம், மாஸ்டர்!

மண்டிக்காரர் கடித்த துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கை கழுவினார். கடை திறப்புக்கு வந்திருந்த மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். கோபத்தில் கடத்தூர்க்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"நாந்தான் எரிய வுடச் சொன்னனுங்களே" என்றார். போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் பகல் முழுக்க வெறும் கரியை எரித்துத் தகட்டைச் சுரண்டினேன். அதன் பிறகு அடுப்பில் ஒரு குறையும் இல்லை. பழைய அடுப்பு வாங்கப் போகிறவர்கள் வாங்கும் இடத்திலேயே பற்ற வைத்துப் பாருங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. கோழி தின்கிறவர் கோபித்துக்கொள்வார்.

ரிசப்ஷனுக்கு மண்டிக்காரர் மறக்காமல் பத்திரிகை வைத்தார். போனேன். தர்மபுரியிலிருந்து வந்த ஒருவன் கிரில் போட்டுக்கொண்டிருந்தான். மண்டிக்காரரே என் தட்டில் ஒரு கால் துண்டை வைத்து, "சாப்புடுங்க மாஸ்டரு" என்றார். சாப்பிட்டேன். என் கோழி அளவுக்கு இல்லை. அதை அங்கே யாரிடம் சொல்ல முடியும்?