மூன்றாம் டிவிஷன் வரைக்கும் ஜாஸ்

பிடித்த பாடகியை முதன்முதலாக நேரில் கேட்கப் போகிறவர்கள் டிக்கெட் வாங்குவார்கள். எனக்கு அந்த வாய்ப்பு, மைக் செட் அண்ணனின் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த இரண்டு தாள்களாக வந்தது.

அவர் எனக்குச் சொந்த அண்ணன் இல்லை. எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் மூன்று வீடு தள்ளி இருந்தவர். மாரியம்மன் கோவில் திருவிழா, மாதா கோவில் பெருநாள், கட்சிக் கூட்டம், கருமாதி என்று வண்டிப்பெரியார் சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் அவருடைய மைக் செட்தான். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, தேயிலை ஃபாக்டரிகளிலும் வண்டன்மேட்டு ஏலக்காய்க் கடைகளிலும் எடை மெஷினையும் ஈரப்பதம் பார்க்கும் மீட்டரையும் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். அவரைப் பொறுத்தவரை அது இஞ்சினியர் உத்தியோகம்.

"ஏ புள்ள, இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு. ரெண்டு பக்கத்துக்கு இங்கிலீஷு. பாட வாராங்களா, பரீட்ச வைக்க வாராங்களான்னு தெரியல."

ஒலி அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பாடகியின் ஆட்கள் அனுப்பியிருந்த பட்டியல் அது. பத்தொன்பது அம்சங்கள், ஒழுங்காக எண் போட்டு. பட்டியல்களில் எனக்கு ஏற்கெனவே ஒரு பலவீனம் உண்டு. இதன் தலைப்பில் அவர் பெயர் வேறு இருந்தது. இரண்டு முறை படித்துவிட்டு, "எப்பண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம. நாலு மணிக்கு. ஏன், ஒனக்குத் தெரிஞ்சவங்களா?"

எட்டு வருடமாகத் தெரிந்தவர். ஹாஸ்டலில் ஒரு தோழியின் போனில் கேட்டதிலிருந்து ஆரம்பம். கோவாவில் பிறந்து, மும்பை ஹோட்டல்களில் ஜாஸ் பாடி, அறுபது வயதை நெருங்கியபோதுதான் கொஞ்சம் பேர் வாங்கியவர். ஃபாக்டரிக்கு ஃபாக்டரி ஜீப்பில் போகும்போது என் காதில் அவர்தான். ஒருமுறை இயர்போனைக் கழற்றி அம்மாவைக் கேட்க வைத்தேன். அம்மா பொறுமையாக ஒரு பாட்டு முழுவதும் கேட்டுவிட்டு, "யாரோ தூக்கத்துல பொலம்புற மாதிரி இருக்கு. ஆனா நல்ல வசதியான தூக்கம்" என்றாள். அதைவிடச் சரியான விமரிசனத்தை நான் இதுவரை படிக்கவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். வரிகளுக்கு நடுவே அவர் ஒரு மூச்சு எடுப்பார். ரெக்கார்டில் அது பாதி இருக்கும், பாதியைத் துடைத்திருப்பார்கள். பொருளுக்கும் நாம் படிக்கும் அளவுக்கும் நடுவில் எப்போதும் ஒரு கருவி நின்று கொஞ்சம் பொய் சொல்லும். அந்தப் பொய்யைக் குறைக்கத்தான் எனக்குச் சம்பளம். ஒரே ஒரு தடவை அந்தக் குரலை, நடுவில் யாரும் எதையும் செய்யாமல், அந்த மூச்சோடு கேட்க வேண்டும்.

நிகழ்ச்சி ஹோட்டல் விருந்தினர்களுக்கு மட்டும். மூடிக் கிடந்த தேயிலை ஃபாக்டரியை ஹோட்டலாக்கியிருந்தார்கள். பாடகி முட்டி வலிக்கு ஓய்வெடுக்க, தன்னோடு வாசிக்கும் மூவருடன் வந்தவர். ஹோட்டல்காரர்கள் கேட்டதால் ஒரு மாலை பாடச் சம்மதித்திருந்தார். இடம், முன்பு பச்சை இலையைப் பரப்பி வாட்டிய மேல்மாடி. அப்பா அங்கே இருபது வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு நுழைந்தார். இப்போது நுழைய வேண்டுமென்றால் ரூம் போட வேண்டும். ரூம் போடாமல் நுழைய ஒரே வழி, மைக் செட்டின் உதவியாளராகப் போவது.

"நானும் வரேண்ணே. இந்தப் பத்தொன்பதையும் நான் பாத்துக்கறேன்."

பட்டியலை அவருக்குத் தமிழில் வாசித்தேன். நான்காவது: குரலுக்கு எக்கோ கூடாது.

"எக்கோ கூடாதா? அப்புறம் எதுக்கு மைக் செட்டு? வெறும் வாயில பாடிட்டுப் போக வேண்டியதுதான?"

ஐந்தாவது: ஒலி அறைக்குள் மட்டும் கேட்டால் போதும். இதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கவலைப்பட்டிருக்க வேண்டிய இடம் அதுதான்.

ஏனென்றால் எங்கள் ஊரில் மைக் செட்டின் தரத்தை அளக்க ஒரு முறை இருக்கிறது. கோவிலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கணக்கில் இல்லை. பக்கத்தில் இருப்பவனுக்கு எதற்கு மைக் என்பது அண்ணனின் வாதம். பள்ளத்தைத் தாண்டி எதிர்மலையில் எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷன் லயம் இருக்கிறது. அங்கே கேட்டால் செட் நல்ல செட். அண்ணன் கல்யாணமான பிறகு அங்கேதான் வீடு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் மதினிக்கு போன் போடுவார். "கேக்குதா?" மதினி கேட்கிறது என்று சொல்லும் வரைக்கும் சத்தத்தைக் கூட்டுவார். என் கையில் இருக்கும் எந்த மீட்டரையும்விட மதினியை இந்த வட்டாரம் நம்புகிறது.

ஞாயிறு காலையில் போய்ப் பார்த்தபோது, கூரை விளிம்பில் எதிர்மலையைப் பார்த்து இரண்டு கூம்பு ஸ்பீக்கர்கள் கட்டியிருந்தன.

"இது என்னண்ணே?"

"அது சும்மா. ஒரு அழகுக்கு."

அழகுக்குக் கட்டிய ஸ்பீக்கரின் ஒயர் ஆம்ப்ளிஃபயர் வரை வந்திருந்தது. உருவிச் சுருட்டி ஓரமாக வைத்தேன். எக்கோ திருகின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். அண்ணன் அந்த டேப்பைப் பார்த்த பார்வையில், சொந்தப் பிள்ளையின் வாயை ஒட்டியதுபோல ஒரு வருத்தம் இருந்தது.

மதியம் பாடகி வந்தார். படங்களில் இருப்பதைவிடக் குள்ளம். வெந்நீர் ஃபிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முட்டியைக் காப்பாற்றப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக ஏறினார். மைக்கில் ஒரு வரி பாடினார். "சுத்தமாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் தலையசைத்தேன். எட்டு வருடமாக மனதில் தயாரித்து வைத்திருந்த பேச்சில் அந்தத் தலையசைப்பு இல்லை.

நான்கு மணிக்கு ஆரம்பித்தது. அறுபது நாற்காலிகள். சுவர் நீளத்துக்கு வரிசையாக ஜன்னல்கள், எல்லாம் திறந்து. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் எங்கள் மிக்ஸர் கடைசியில், ஒரு மரத்தூணுக்குப் பின்னால். அங்கிருந்து எனக்குத் தெரிந்தவை: பேஸ் வாசிப்பவரின் முழங்கை, டிரம்ஸில் ஒரு பக்கம், பாடகியின் சால்வை நுனி. காதில் ஹெட்போன். அதாவது, நூறு தடவை ஹெட்போனில் கேட்டவரை நேரில் கேட்க வந்து, ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கேட்டேன் என்பதும் அதிகம். முதல் பாட்டில் பியானோ குரலை மூடியது, குறைத்தேன். இரண்டாவதில் மைக்கைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தார், கூட்டினேன். மூன்றாவது பாட்டில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வரும் அந்த மூச்சுக்காகத்தான் நான் வந்ததே. சரியாக அந்த நேரத்தில் டிரம்ஸ் மைக்கின் ஒயரில் கரகரவென்று சத்தம் வர, நான் மேஜைக்கு அடியில் இருந்தேன். நிமிர்ந்தபோது சரணம் பாதி முடிந்திருந்தது. இடது கண்ணில் மீட்டரின் பச்சை விளக்கு, வலது கண்ணில் அண்ணனின் கை.

எட்டு பாட்டு இப்படிப் போனது. எட்டாவதின் நடுவில் அண்ணனின் போன் அதிர்ந்தது. குனிந்து வாயைப் பொத்திப் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒன் மதினிதான். செட்டு படுத்துருச்சான்னு கேக்கா."

"நல்லாத்தான போகுது."

"இங்க போகுது. அங்க மூணாம் டிவிஷன்ல பூராப் பேரும் வெளிய வந்து ஒக்காந்திருக்காங்களாம். ஒரு மண்ணும் கேக்கலையாம். பம்பாய் பாட்டுக்காரிக்கு நம்ம செட்டுதான்னு நேத்தே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அஞ்சாவது பாயிண்டு, அறைக்குள்ள மட்டும்தாண்ணே."

"அஞ்சாவது பாயிண்டு நாளைக்கு வந்து எனக்கு வாடக குடுக்குமா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் வீட்டுக்குப் போக?"

எட்டாவது பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது. அண்ணன் குரல் திடீரென்று இளகியது.

"நீ போ புள்ள. முன்னாடி போய் ஒக்காந்து கேளு. எட்டு வருசம் எட்டு வருசம்னு சொன்னேல்ல. இன்னும் ரெண்டு பாட்டுதான. நான் பாத்துக்கிடுதேன்."

அந்த இளக்கத்தின் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. இங்கேயே இருந்தால் பாட்டு சுத்தமாக இருக்கும், நான் கேட்க மாட்டேன். போனால் கேட்பேன், எதைக் கேட்பேன் என்பது அண்ணன் கையில். ஹெட்போனைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

மூன்றாவது வரிசையின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தேன். மெதுவான பாட்டு. முதல் வரி முடிந்தது, அவர் மூச்சு எடுத்தார். துடைக்காத, முழு மூச்சு. கொஞ்சம் சளி, கொஞ்சம் வயது, அந்த மூச்சில் அடுத்த வரி முழுவதும் ஏற்கெனவே இருந்தது. ஒரே ஒரு மூச்சு. அடுத்த வரியைப் பாடி நிறுத்தியபோது, அதே வரி ஜன்னல் வழியாக இன்னொரு முறை வந்தது.

டேப்பைப் பிய்த்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் திருகு போடும் எக்கோ குரலின் குதிகாலை மிதித்துக்கொண்டே வரும். இது ஒன்றரை வினாடி கழித்து வந்தது. ஒன்றரை வினாடி என்றால் போக இருநூற்றைம்பது மீட்டர், வர இருநூற்றைம்பது மீட்டர். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மூன்றாம் டிவிஷன் சரியாக அந்தத் தூரத்தில் இருக்கிறது. நான் உருவிய ஒயரை அண்ணன் கூரைக் கூம்புகளுக்கு மறுபடி மாட்டிவிட்டார். கணக்கு முடிந்த பிறகுதான் அவமானம் தொடங்கியது. தரைப் பலகையின் இடுக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாடகி நிறுத்திவிட்டார். கூட வாசிப்பவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். சொல் எதுவும் இல்லாமல் மூன்று ஸ்வரங்களை மட்டும் வெளியே அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். மலை திருப்பிக் கொடுத்தது, பனிமஞ்சில் ஓரம் மழுங்கி. அது வந்து சேரும்போது அதன் மேலேயே இன்னும் மூன்றை வைத்தார். அதுவும் திரும்பி வந்தது. இப்போது வேண்டுமென்றே சின்னதாக ஒரு பிசகு செய்து அனுப்பினார், மலை பிசகோடு பாடியது, அதைக் கேட்டுச் சிரித்தார், மலை சிரித்தது. பேஸ்காரர் அந்த ஒன்றரை வினாடியையே தாளமாகப் பிடித்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் நாய்கள் குரைத்தன. யாரோ நீளமாக ஒரு விசில் அடித்தார்கள். விசில் எந்தச் சுருதியில் வந்ததோ அதிலிருந்தே பாட்டுக்குத் திரும்பினார் அவர்.

எதற்கும் நேரம் பார்த்துக் குறிப்பவள் நான். அந்தப் பாட்டு எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது.

கடைசிப் பாட்டும் முடிந்து, கூட்டம் கலைந்ததும் அவர் நேராக மிக்ஸருக்கு வந்தார். ஜன்னலைக் கைநீட்டிக் காட்டி, அது யாருடைய யோசனை என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணனுக்கு நீட்டிய கை மட்டும் புரிந்தது.

"நான் இல்ல. எல்லாம் இந்தப் புள்ளதான். இஞ்சினியர்" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார்.

பாடகி என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் எந்த ஒலிக்காரரும் தனக்கு ஒரு மலையைக் கொண்டுவந்து தரவில்லை என்றார். நான் இல்லை, இவர்தான், நான் அதைத் தடுக்கத்தான் நாள் முழுக்கப் பாடுபட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். பிறகு, உனக்கு எந்தப் பாட்டு பிடித்தது என்று கேட்டார். முதல் எட்டில் ஒன்றைச் சொல்ல நினைத்தேன். ஒவ்வொன்றும் மீட்டரில் எந்த எண்ணைத் தொட்டது என்பது மட்டும்தான் நினைவுக்கு வந்தது. "அதுதான்" என்று ஜன்னலைக் காட்டினேன்.

கேபிள் சுருள்களைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கும்போது அண்ணன் கேட்டார்.

"ரொம்ப ஏசிட்டாங்களோ?"

"இல்லண்ணே. அதுதான் இருக்கறதுலயே நல்லா இருந்துச்சாம்."

படியில் நின்றுவிட்டார். "அப்ப ஏன் என் பேரச் சொல்லல?"

"சொன்னேன். நம்பல."

"நீ ஒழுங்காச் சொல்லியிருக்க மாட்ட."

மிக்ஸரிலிருந்து நேராக ஒரு பதிவு எடுத்துத் தரும்படி பாடகியின் ஆட்கள் கேட்டிருந்தார்கள். ஒரு பிரதியை நான் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். அடுத்த வாரம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்றாம் டிவிஷனில் எல்லோரும் அந்தப் பாட்டை மறுபடி கேட்கிறார்களாம். லேப்டாப்பில் போட்டேன். மிக்ஸருக்குள் வந்தது மட்டும்தானே பதிவில் இருக்கும். பாடகி மூன்று ஸ்வரம் பாடுகிறார். நிசப்தம். மறுபடி மூன்று ஸ்வரம். நிசப்தம். காரணமில்லாமல் ஒரு சிரிப்பு. உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "பாவம், பாட்டு மறந்துபோச்சா அந்தம்மாவுக்கு?" என்றாள்.

அண்ணன் கடைசி வரை கேட்டார்.

"மலை எங்க புள்ள?"

"அது இதுல வராதுண்ணே."

"அப்ப இத ஒருத்தருக்கும் போட்டுக் காட்டாத. செட்டு சரியில்லன்னுதான் சொல்லுவாங்க."

அவர் போன பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டேன். எக்கோ இல்லை. ஒலி அறைக்குள் மட்டும். மூன்றாவது பாட்டின் அந்த மூச்சு உட்பட எல்லா மூச்சும் தெளிவாக இருக்கிறது. நான் கேட்டது எல்லாம் கிடைத்திருக்கிறது. ஒன்பதாவது பாட்டுக்கு மட்டும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தேன்.